நில் என்ற செய்தி

குழந்தைவேலின் மனதில் ஒரு கேள்வி கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. இட்லியை விண்டு வாயருகே கொண்டுபோனவர், அதை அப்படியே தட்டில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"மேடம், நான் எப்பங்க கையெழுத்துப் போடறது?"

எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா மச்சாது நிமிரவில்லை.

"சாப்பிடுங்க சார். ஆறிரும்."

தூத்துக்குடியில் கடலை ஒட்டியிருந்த ஒரு சரக்குப்பெட்டித் தளத்தின் கேன்டீன் அது. ஜன்னலுக்கு வெளியே பெட்டிகள் மலைமலையாக அடுக்கியிருந்தன. அவற்றுக்கு மேலே ஒரு புதுக் கிரேன், தண்டவாளத்தில் நாலு காலையும் ஊன்றி நின்றது. இன்னும் அது ஒரு பெட்டியைக்கூடத் தொட்டதில்லை.

குழந்தைவேல் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நூற்பாலைகளுக்கு இயந்திரம் விற்கும் கம்பெனி ஒன்றில் பாதி ஆயுளைக் கழித்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார அவருக்கு வராது. நெட்வொர்க் படிப்பு ஒன்றில் போய்ச் சேர்ந்தார். வகுப்பில் மற்றவர்களெல்லாம் அவர் மகள் வயதுப் பிள்ளைகள். கூச்சப்படாமல் படித்து முடித்து, ஸ்டெல்லாவிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தார்.

ஸ்டெல்லா அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். இயந்திரங்களைக் கம்பிவழியே பேசவைக்கும் ஈதர்நெட் இணைப்புகளைச் சோதித்துச் சொல்வது அவர் தொழில். ஆலையோ ஆஸ்பத்திரியோ, புதிதாகக் கம்பி இழுத்தால் அவரைக் கூப்பிடுவார்கள். கருவியை வைத்துப் பார்ப்பார். சொன்னபடி வேலை செய்தால் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழுந்த பிறகுதான் அங்கே வேலை தொடங்கும்.

தன்னிடம் கற்றுக்கொள்ள வந்தவரை அவர் 'சார்' என்றுதான் கூப்பிட்டார். கற்றுக்கொள்ள வந்தவர் அவரை 'மேடம்' என்றார். இரண்டு பேருக்கும் அது இயல்பாகவே இருந்தது.

குழந்தைவேலிடம் ஒரே ஒரு சங்கடம். மனுஷனுக்கு நிலைகொள்ளாது. உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் சட்டைப்பையில் இருக்கும் பேனாவைத் திறந்து திறந்து மூடுவார். எதையாவது தொடங்கினால், அது முடிந்தது என்று யாராவது சொல்லும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

"எல்லா வார்த்தையும் எனக்குத் தெரியுமுங்க மேடம்" என்றார் மறுபடியும்.

"அப்படியா? த்ரூபுட்னா என்ன?"

"ஒரு ஃபிரேம்கூடச் சிந்தாம, இந்த இணைப்பு அதிகபட்சம் எவ்வளவு வேகத்துல கொண்டுபோகுமோ, அதுங்க." கம்பி வழியே போகிற செய்தியைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டித்தான் அனுப்புவார்கள். அந்தப் பொட்டலத்துக்கு ஃபிரேம் என்று பெயர்.

"லேட்டன்ஸி?"

"ஒரு ஃபிரேம் இங்க கிளம்பி அங்க போய்ச் சேர ஆகற நேரம்."

"ஜிட்டர்?"

"அந்த நேரம் ஒரே மாதிரி இல்லாம, ஒருக்கா முந்தி ஒருக்கா பிந்தி வர்ற வித்தியாசம்."

"ஃபிரேம் லாஸ்?"

"அனுப்பினதுல வந்து சேராமப் போனது, நூத்துக்கு எத்தனைங்கறது."

"லூப்பேக்?"

"எதிர்முனையில ஒரு பெட்டியை வெச்சு, நாம அனுப்பறதை அப்படியே நமக்குத் திருப்பி அனுப்ப வெக்கறதுங்க. போனதும் வந்ததும் ஒன்னா இருந்தா, நடுவுல பழுதில்லை."

ஸ்டெல்லா தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார்.

"ஒரு பிசகு இல்லாம வந்துருக்கு."

குழந்தைவேலின் முகம் மலர்ந்தது. "அப்ப எனக்குத் தெரியுதுன்னுதானுங்களே அர்த்தம்?"

"நான் சொல்லிக் குடுத்தது எனக்கே திரும்பி வந்துருக்கு சார். அவ்வளவு தெரியுது."

கை கழுவப் போய்விட்டார். குழந்தைவேல் ஆறிப்போன இட்லியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த ஸ்டெல்லா நாற்காலியில் மாட்டியிருந்த பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு நீங்களே பாருங்க சார்."

"எதைங்க?"

"எல்லாத்தையும்தான். நான் ஆபரேட்டர் ரூம்ல இருக்கேன்."

*

பழைய கிரேன்களில் ஓட்டுபவர் உச்சியில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கீழே குனிந்து பார்த்து ஓட்டுவார். இந்தப் புதுக் கிரேனில் கூண்டே கிடையாது. ஓட்டுபவர் தளத்தின் மறுகோடியில் ஏசி அறையில் இருப்பார். கிரேனில் இருக்கும் கேமராக்கள் படத்தை அங்கே அனுப்பும். அவர் படத்தைப் பார்த்துக் கைப்பிடியை அசைப்பார். போ, தூக்கு, இறக்கு, நில் என்று கட்டளைகள் இங்கே வரும். படம் போவதும் கட்டளை வருவதும் ஒரே இணைப்பில்தான்.

அந்த இணைப்பைத்தான் சோதிக்க வேண்டும்.

குழந்தைவேல் ஓடாத குறையாக நடந்தார். கிரேனின் காலடியில் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். கருவியை வைத்தார். கம்பியைச் செருகினார். 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. எதிர்முனையில் லூப்பேக் பெட்டியைக் காலையிலேயே மாட்டியாகிவிட்டது.

தளத்தின் மேலாளர் கோயில்பிள்ளை அவருக்குப் பின்னாலேயே வந்து நின்றார்.

"என்ன சார், எவ்வளவு நேரம் ஆகும்? கப்பலு வெளியே வந்து நிக்கு."

"இதா, ஆச்சுங்க."

"மத்தியானம் இங்கன கட்டியாகணும். இந்தக் கிரேனை நம்பித்தான் அந்தக் கப்பலை ஒத்துக்கிட்டோம்."

குழந்தைவேல் பெரிய ஃபிரேம்களை முதலில் அனுப்பினார். முழு வேகத்தில் போயின, முழு வேகத்தில் திரும்பின. ஒன்றுகூடச் சிந்தவில்லை. திரையில் பச்சை எழுத்து வந்தது.

"பச்சை வந்துட்டுல்லா?" என்றார் கோயில்பிள்ளை.

"இன்னும் இருக்குங்க."

நடுத்தர அளவு ஃபிரேம்களை அனுப்பினார். பச்சை. கடைசியாக மிகச் சிறியவற்றை அனுப்பினார். எண்கள் ஓடின. குழந்தைவேல் பேனாவைத் திறந்து திறந்து மூடினார்.

திரை சிவந்தது.

கொஞ்சம் ஃபிரேம்கள் வந்து சேரவில்லை. வேறு சில வெகுநேரம் கழித்து வந்திருந்தன.

"என்ன சார் அது?"

"ஒன்னுமில்லைங்க. செருகினது சரியா உக்காரலை போல."

கம்பியைப் பிடுங்கித் திரும்பச் செருகினார். மீண்டும் 'க்ளிக்'. முதல் தடவையும் அந்தச் சத்தம் கேட்டதே என்று ஒரு நினைப்பு ஓடியது. அதை அவர் நிற்க விடவில்லை. பொத்தானை அழுத்தினார்.

பச்சை.

இன்னொரு தரம் அழுத்தினார். அதுவும் பச்சை.

"பாத்தீங்களா, செருகல்தானுங்க" என்றார். அதைக் கோயில்பிள்ளையிடம் சொன்னதாகத்தான் தோன்றியது. பச்சை வந்ததைச் சேமித்தார். சிவப்பு வந்ததைச் சேமிக்கவில்லை.

ஸ்டெல்லாவுக்கு போன் போட்டார்.

"மேடம், முடிஞ்சுதுங்க."

"சரி சார்."

"எல்லாமே பாஸுங்க. நீங்க வந்து பாத்தீங்கன்னா..."

"நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தனுங்க."

"அப்ப கையெழுத்துப் போடுங்க."

குழந்தைவேலுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

"நானுங்களா?"

"கேட்டுக்கிட்டே இருந்தீங்களே சார்."

போன் வைக்கப்பட்டது.

*

கோயில்பிள்ளை காகிதத்தை அலமாரியின் மேலேயே வைத்து நீட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

குழந்தைவேல் பேனாவைத் திறந்தார். எத்தனை மாதமாக எதிர்பார்த்த இடம் அது. பெயரை எப்படி எழுத வேண்டும், முழுதாகவா, சுருக்கியா என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

பேனா முனை காகிதத்தைத் தொடவில்லை.

"போடுங்க சார்."

"ஒரு நிமிஷமுங்க."

"என்ன?"

"தண்ணி குடிச்சிட்டு வந்தறனுங்க."

காகிதத்தை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். குடிநீர்க் குழாயைத் தாண்டியும் நடந்தார். பெட்டிகளுக்கு நடுவே வெயில் கொதித்தது. இரும்பின் சூடு இரண்டு பக்கமும் அடித்தது. ஒரு வரிசையின் கோடிவரை போனார், திரும்பினார், அடுத்த வரிசையில் நுழைந்தார். எங்கே போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. செருகல்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். செருகலேதான். ஒவ்வொரு தடவை சொன்னதும் அந்தச் சிவப்புத் திரை கண்முன் வந்து நின்றது.

ஒரு லாரியின் நிழலில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மஞ்சள் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். பேச்சிமுத்து என்று சட்டையில் பெயர் தைத்திருந்தது.

"வாங்க சார், சாப்பிடுதீங்களா?"

"இல்லைங்க, சாப்பிடுங்க. இங்க என்ன வேலைங்க உங்களுக்கு?"

"லாரித் தட்டுல நாலு மூலையிலயும் பூட்டு இருக்குல்லா, அதைத் தொறக்கணும். தொறந்தாத்தான் கிரேனு பெட்டியைத் தூக்கும்."

"கிரேன் எவ்வளவு பக்கத்துல வருமுங்க?"

பேச்சிமுத்து தண்டவாளத்தைக் கையால் காட்டினார். லாரிக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற இடம்தான் இருந்தது.

"அதும் சக்கரம் இந்தாக்குல வந்து நிக்கும்."

"நீங்க கிரேனைப் பாத்துக்கிட்டேதான் பூட்டைத் தொறப்பீங்களா?"

பேச்சிமுத்து சிரித்தார். "ரெண்டையும் எப்படி சார் பாக்க? குனிஞ்சுதான தொறக்கணும். கிரேனை ஓட்டுதவங்க பாத்துக்கிடுவாங்க."

சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை உருட்டினார்.

குழந்தைவேல் அங்கிருந்து நேராக ஆபரேட்டர் அறைக்குப் போனார். இந்தத் தடவை உண்மையிலேயே ஓடினார்.

*

ஏசி அறையில் ஸ்டெல்லா ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். ரெக்சலின் என்ற பெண் திரைகளுக்கு முன்னால் இருந்தார். அவர்தான் கிரேனை ஓட்டப்போகிறவர். திரைகளெல்லாம் இருண்டு கிடந்தன.

"மேடம், ஒருக்கா சிவப்பு வந்துச்சுங்க."

மூச்சு வாங்கியது அவருக்கு.

"எப்ப?"

"சின்ன ஃபிரேம் அனுப்பினப்ப. முதல் தடவை. அப்புறம் செருகலை மாத்தினேன். ரெண்டு தடவை பச்சை வந்துச்சுங்க. அதனால அந்தச் சிவப்பு பொய்னு விட்டுட்டேன்."

"எப்படித் தெரியும்?"

"எதுங்க?"

"அது பொய்னு."

"அடுத்த ரெண்டும் நல்லா வந்துச்சுங்களே."

"அந்த ரெண்டும் மெய்யின்னு எப்படித் தெரியும்?"

குழந்தைவேல் பேனாவைத் திறந்து மூடினார். நின்ற இடத்திலேயே கால் மாற்றி நின்றார். பிறகு இருண்ட திரைகளைப் பார்த்தார்.

"ஏம்மா, இது காலையிலேருந்து இப்படித்தான் அணைஞ்சு கெடக்குதா?"

ரெக்சலின் திரும்பினார். "இல்ல சார். கேமராக்காரங்க வந்து எல்லாத்தையும் ஒருவாட்டி போட்டுப் பாத்தாங்க. எல்லாம் தெரியுதுன்னு அணைச்சுட்டு சாப்பிடப் போயிட்டாங்க."

"எப்பம்மா போட்டாங்க?"

"இப்பந்தான் சார், நீங்க போன் பண்ணுததுக்குக் கொஞ்சம் முந்தி."

குழந்தைவேல் ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கேமரா ஓடறப்பத்தான் சிவப்பு வந்திருக்குதுங்க" என்றார் மெதுவாக. "நான் பச்சை வாங்கினது காலியா கெடந்த கம்பியில."

"கிரேன் வேலை செய்யும்போது கேமரா ஓடுமா, அணைஞ்சிருக்குமா சார்?"

"ஓடுமுங்க. எல்லாமே ஓடும்."

"நில்லுன்னு சொல்லுத செய்தி பெரிய ஃபிரேமா, சின்ன ஃபிரேமா?"

"இருக்கறதுலயே சின்னதுங்க."

ஸ்டெல்லா எழுந்தார்.

*

கோயில்பிள்ளைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மேடம், பச்சை வந்ததை என் கண்ணால பாத்தேன். இப்ப வந்து மறுபடியும்ங்கீங்க. கம்பி அறுந்தா கிரேன் தானா நின்னுரும். செஞ்சு குடுத்தவங்களே சொல்லிருக்காங்க."

ஸ்டெல்லா குழந்தைவேலைப் பார்த்தார்.

"அறுந்தா நிக்குமுங்க" என்றார் குழந்தைவேல். "அறுகாம, செய்தி மட்டும் லேட்டா வந்தா? அதுவரைக்கும் ஓடிக்கிட்டுதானுங்க இருக்கும்."

"எவ்வளவு லேட்டாயிரப் போவுது? கண்ணு மூடித் தொறக்குத நேரம்."

ஸ்டெல்லா தோள்பையைத் திறந்து ஒரு சாக்கட்டியை எடுத்தார். குழந்தைவேலிடம் கொடுத்தார்.

"தண்டவாளத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போடுங்க சார்."

போட்டார்.

ஸ்டெல்லா போனில் ரெக்சலினிடம் சொன்னார். எல்லாக் கேமராக்களையும் போட வேண்டும். கிரேனைக் காலியாக, வேலை செய்யும் வேகத்தில் ஓட்டிவர வேண்டும். சக்கரம் கோட்டைத் தொடும் இடத்தில் 'நில்' என்ற செய்தி அறையிலிருந்து தானாகவே கிளம்பும்படி வைக்க வேண்டும். தண்டவாளத்தின் பக்கம் ஒரு ஈ, காக்கை வராமல் இரண்டு முனையிலும் ஆள் நிறுத்தினார்கள்.

கிரேன் நகர்ந்தது. மணி ஒலித்துக்கொண்டே வந்தது. கோட்டைத் தொட்டது, கொஞ்ச தூரம் போய் நின்றது.

"எங்க நின்னுதோ அங்க ஒரு புள்ளி வைங்க" என்றார் ஸ்டெல்லா.

குழந்தைவேல் குனிந்து வைத்தார்.

கிரேன் பின்னால் போய் மறுபடியும் வந்தது. நின்றது. புள்ளி முதல் புள்ளியின் பக்கத்திலேயே விழுந்தது. மறுபடியும். அதுவும் பக்கத்திலேயே. கோயில்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். போன் அடித்தது, எடுத்துப் பேசினார், வைத்தார். புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தன.

"என்ன மேடம், எல்லாம் ஒரே எடத்துலதான நிக்கு?"

"ஆமா."

"போதும்லா?"

ஸ்டெல்லா குழந்தைவேலிடம் கேட்டார். "போதுமா சார்?"

குழந்தைவேலுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. போதும் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. இத்தனை நாளும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் ஆலாய்ப் பறந்திருக்கிறார்.

"இன்னும் ஓட்டலாமுங்க" என்றார்.

கிரேன் வந்தது, நின்றது. வந்தது, நின்றது. வெயில் சாயத் தொடங்கியது. குழந்தைவேலின் முழங்கால் வலித்தது.

பிறகு ஒருமுறை கிரேன் வந்தது, கோட்டைத் தொட்டது. புள்ளிக் கூட்டத்தைத் தாண்டியது. நிற்கவில்லை. ஓர் ஆள் நீளம் தாண்டிப் போய், ஒன்றும் நடக்காததுபோல் நின்றது.

மணி மட்டும் ஒலித்து ஓய்ந்தது.

குழந்தைவேல் போய் அங்கே ஒரு புள்ளி வைத்தார். தனியாகக் கிடந்தது அது.

கோயில்பிள்ளைதான் முதலில் பேசினார். குரல் இறங்கியிருந்தது. "ஒரு தடவைதான சார். சராசரி பாருங்க. செஞ்சு குடுத்தவங்க சொன்ன எல்லைக்குள்ளதான் வரும்."

குழந்தைவேல் டேப்பை வைத்து அளந்தார். விற்பனையில் பழகிய மனக்கணக்கு அவருக்கு. சட்டென்று வந்தது.

"சராசரி எல்லைக்குள்ளதானுங்க வருது, மேடம்."

"அந்த எடத்துல ஒரு கோடு போடுங்க."

புள்ளிக் கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி, தனிப்புள்ளிக்கு வெகு முன்னால், ஒரு கோடு போட்டார்.

"இங்க கிரேன் எப்ப நின்னுச்சு சார்?"

குழந்தைவேல் கோட்டைப் பார்த்தார். அதன்மேல் ஒரு புள்ளியும் இல்லை.

"நிக்கலைங்க."

"ஒருவாட்டிகூடவா?"

"இல்லைங்க."

கோயில்பிள்ளை தனிப்புள்ளியைப் பார்த்தபடி நின்றார். அதற்குப் பக்கத்தில்தான் லாரிகள் நிற்கும் மஞ்சள் கட்டம். கட்டத்தின் மூலையில் யாரோ குனிந்து குனிந்து வேலை செய்ததால் தேய்ந்த கிரீஸ் கறை இருந்தது.

அவர் போனை எடுத்தார். "கப்பலை இன்னும் கொஞ்ச நேரம் வெளியே நிக்கச் சொல்லுங்க" என்றார். "ஆமா, நான்தான் சொல்லுதேன். என்ன கேட்டாலும் என்கிட்டப் பேசச் சொல்லுங்க."

*

பழுது நடுவழியில் இருந்தது. கிரேனிலிருந்து வரும் கம்பியும் அறைக்குப் போகும் கம்பியும் சேரும் இடத்தில் ஒரு ஸ்விட்ச் பெட்டி. படங்களும் கட்டளைகளும், எந்தத் திசையில் போனாலும், அதில் ஒரே வரிசையில் நின்று போய்க்கொண்டிருந்தன. கேமராக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மூச்சுவிடாமல் படம் அனுப்பினால் வரிசை நீண்டுவிடும். 'நில்' என்ற சின்னச் செய்தி அந்தக் கூட்டத்தின் கடைசியில் நிற்கும்.

குழந்தைவேல்தான் அதைக் கண்டுபிடித்தார். கட்டளைகளுக்குத் தனி வழி ஒதுக்கி, எந்தப் படம் வந்தாலும் அவை முதலில் போகும்படி மாற்றியமைத்தவரும் அவர்தான். ஸ்டெல்லா பக்கத்தில் நின்று டீ குடித்தார்.

மறுபடியும் கேமராக்களைப் போட்டுச் சோதித்தார்கள். பெரிய ஃபிரேம், நடுத்தரம், சிறியது. பச்சை வந்தது. குழந்தைவேல் பச்சையைப் பார்த்து மகிழவில்லை. தண்டவாளத்தில் பழைய புள்ளிகளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, சாக்கட்டியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

கிரேன் வந்துகொண்டே இருந்தது, நின்றுகொண்டே இருந்தது. சாக்கட்டி விரல்நுனி அளவுக்குத் தேய்ந்தது. கடைசியில் எல்லாப் புள்ளிகளையும் ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம் போலிருந்தது.

"போதுமா சார்?" என்றார் ஸ்டெல்லா.

"இன்னொரு சாக்கட்டி இருக்குங்களா மேடம்?"

இருந்தது. அதையும் வாங்கிப் பாதி தேய்த்த பிறகுதான் அவர் எழுந்தார்.

காகிதம் காலையில் வைத்த இடத்திலேயே, கல் ஒன்றைப் பாரமாக வைத்தபடி இருந்தது. கோயில்பிள்ளை எடுத்து நீட்டினார். அவசரப்படுத்தவில்லை. குழந்தைவேல் முதலில் வந்த சிவப்பையும், தனிப்புள்ளியையும், செய்த மாற்றத்தையும் எழுதினார். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். கை முழுக்கச் சாக்கட்டித் தூள். காகிதத்திலும் கொஞ்சம் ஒட்டியது.

*

பொழுது சாய்வதற்குள் கப்பலைக் கரையோரம் கொண்டுவந்து கட்டியாகிவிட்டது. கிரேன் தன் முதல் பெட்டியைத் தூக்கத் தயாரானது. லாரி வந்து மஞ்சள் கட்டத்தில் நின்றது. பேச்சிமுத்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

ஸ்டெல்லாவும் குழந்தைவேலும் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். குழந்தைவேலுக்கு நிற்கவும் முடியவில்லை, அங்கிருந்து போகவும் முடியவில்லை.

"மேடம், காலையில நான் கையெழுத்துப் போட்டிருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?"

"சாக்கட்டியை உங்ககிட்டக் குடுக்காம, நானே கோடு போட்டிருப்பேன்."

"நீங்க முன்னாடியே தெரிஞ்சுதான் வந்தீங்களா, இப்படி ஒரு பழுது இருக்குதுன்னு?"

"தெரியாது சார். சாக்கட்டி எப்பவும் பையிலதான் கெடக்கும்."

கிரேன் மணியடித்துக்கொண்டு நகர்ந்தது. குழந்தைவேல் கம்பியை இறுகப் பிடித்தார். கிரேன் லாரியை நெருங்கியது. பேச்சிமுத்துவின் முதுகு மட்டும் தெரிந்தது. அவர் நிமிரவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை.

கிரேன் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

பேச்சிமுத்து அடுத்த மூலைக்குப் போனார். பெட்டி மேலே எழும்பியது. அடுத்த லாரி வந்தது. குழந்தைவேல் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது" என்றார். "நானே பாத்தேன். திரும்பத் திரும்பப் பாத்தேன். கையெழுத்துப் போட்டா இந்தத் தவிப்பு அடங்கிரும்னு நெனச்சேன். அடங்கலைங்க. முன்னைவிட ஜாஸ்தியா அடிச்சுக்குது. இன்னும் எதையாச்சும் விட்டுட்டனோ, விட்டுட்டனோன்னு."

ஸ்டெல்லா கிரேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எத்தனை வருஷமா போடறீங்க மேடம். உங்களுக்கு இது எப்பங்க நின்னுது?"

கிரேன் மறுபடியும் வந்தது. அது நின்ற பிறகுதான் ஸ்டெல்லாவிடமிருந்து மூச்சு வந்தது. அதுவரை அவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் குழந்தைவேல் கவனித்தார்.

"நின்னுச்சுன்னா சொல்லுதேன் சார்" என்றார் ஸ்டெல்லா. "அதுக்கப்புறம் என்னையக் கையெழுத்துப் போட விடாதீங்க."